பாலைவனத் துறவிகள்: நூல் சொல்வதும் மண் சொல்வதும்

கல்லூரி இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் முதலாண்டு மாணவர் ஒருவர் திருகு அளவியைக் கொண்டு ஒரு கம்பியின் விட்டத்தை அளக்கிறார். பத்து முறை அளக்கிறார். பத்து அளவீடுகளும் ஏறக்குறைய ஒன்றுபோலவே வருகின்றன. "எல்லாம் ஒத்து வருகின்றன சார், ஆகவே விடை சரிதான்" என்கிறார். ஆனால் கருவியின் சுழிப் பிழையை அவர் பார்க்கவில்லை. கருவியிலேயே பிழை இருந்தால் நூறு முறை அளந்தாலும் அதே பிழைதான் திரும்பத் திரும்ப வரும். அளவீடுகள் ஒன்றோடொன்று ஒத்திருப்பது வேறு. உண்மையோடு ஒத்திருப்பது வேறு.

வரலாற்றிலும் இத்தகைய சுழிப் பிழை உண்டு. ஒரே ஒரு நூல் பெரும்புகழ் பெற்றுவிடுகிறது. பின்வந்தோர் அனைவரும் அதைப் படித்துவிட்டே எழுதுகின்றனர். இருபது நூல்கள் ஒரே செய்தியைச் சொல்வதைக் கண்டு, இருபது சாட்சிகள் இருப்பதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் அங்கே இருப்பது ஒரு சாட்சிதான். இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு, எகிப்து நாட்டில் கிறித்தவத் துறவு வாழ்க்கை தோன்றிய வரலாறு. அவ்வரலாற்றுக்கு அடிப்படையான ஒரு நூலை இக்கட்டுரையில் சற்றுக் கடுமையாகவே சோதித்துப் பார்ப்போம். நம்பிக்கையைச் சோதிப்பது நம் நோக்கமன்று. சான்றைச் சோதிப்பதே நோக்கம்.

புகழ்பெற்ற ஒரு நூல்

எகிப்திய அந்தோணியார் கி.பி. 251 அளவில் பிறந்து 356இல் மறைந்தவர் என்பது மரபு. தமிழ்நாட்டுக் கத்தோலிக்க மக்கள் இவரை 'வனத்து அந்தோணியார்' என்பர். பதுவை நகர அந்தோணியார் இவருக்கு ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டுகள் பிற்பட்ட வேறொருவர். எகிப்திய அந்தோணியாரின் வாழ்க்கை வரலாற்றை, அவர் மறைந்த சில ஆண்டுகளுக்குள் கிரேக்க மொழியில் எழுதியவர் அலெக்சாந்திரியாவின் ஆயராக இருந்த அத்தனாசியார்.

நூல் கூறும் கதை இது: வசதியான குடும்பத்தில் பிறந்த இளைஞர், பெற்றோர் இறந்தபின் தம் நிலத்தை ஊராருக்குக் கொடுத்துவிடுகிறார், மற்ற உடைமைகளை விற்று ஏழைகளுக்கு வழங்குகிறார். முதலில் வீட்டருகே, பிறகு ஊருக்கு வெளியே, பிறகு கல்லறைகளில், பிறகு நைல் ஆற்றுக்கு அப்பால் பாழடைந்த ஒரு கோட்டையில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் என்று படிப்படியாக மக்களை விட்டு விலகுகிறார். கடைசியில் செங்கடலை அடுத்த மலையொன்றில் தங்குகிறார். அவரைப் பின்பற்றிப் பலரும் வந்து சேர, பாலைவனமே ஒரு நகரம்போல் ஆகிவிடுகிறது.

இந்நூல் 374ஆம் ஆண்டு அளவிலேயே இலத்தீனில் மொழிபெயர்க்கப்பட்டுவிட்டது. 386இல் மிலான் நகரில் அகுஸ்தீனார் இதைப் பற்றிக் கேள்விப்பட்டதும், அவர் வாழ்க்கை திசைமாற அது ஒரு காரணமாக அமைந்ததும் அவரே எழுதி வைத்த செய்திகள். ஜெரோம் என்பவர் இன்னொரு துறவியின் வரலாற்றை எழுதியபோது, தம் நாயகர் அந்தோணியாருக்கும் முற்பட்டவர் என்று காட்ட முயன்றார். போட்டிக்கு எழுதிய அந்த நூலும் இதே அளவுகோலைத்தான் கையில் வைத்திருந்தது. துறவி என்றால் தனியன். துறவு என்றால் பாலைவனம். தொடக்கம் என்றால் அந்தோணியார். இந்த மூன்றும் பாடநூல்கள் வரை வந்து நிலைத்துவிட்டன.

நூலுக்குள்ளேயே உள்ள விரிசல்கள்

ஒரு நூலைச் சோதிக்க எடுத்த எடுப்பில் மண்ணைத் தோண்ட வேண்டியதில்லை. நூலையே ஊன்றிப் படித்தால் போதும்.

அந்தோணியார் துறவை மேற்கொண்டபோது தம் தங்கையை என்ன செய்தார்? நம்பத்தகுந்த கன்னியர் சிலரிடம் ஒப்படைத்தார் என்கிறார் அத்தனாசியார். அப்படியானால் சமயத்துக்காக மணவாழ்வைத் துறந்த பெண்கள் அதற்கு முன்பே அங்கு இருந்தனர் என்றாகிறது. அந்தோணியார் யாரைப் பார்த்துப் பழகினார்? பக்கத்து ஊரில் இளமை முதலே தனித்து நோன்பு வாழ்வு வாழ்ந்த முதியவர் ஒருவரைப் பார்த்து. அப்படியானால் ஆண்களிலும் அவர் முதல்வர் அல்லர். கோட்டையில் தனித்திருந்த காலத்தில் என்ன உண்டார்? ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொண்டுவந்து தரப்பட்ட ரொட்டியை. அப்படியானால் ரொட்டி சுட்டவரும் சுமந்து வந்தவரும் இருந்தனர்.

இச்செய்திகளை நாம் நம்பலாம். ஏனெனில் இவை ஆசிரியர் நிறுவ விரும்பிய கருத்துக்குத் துணை செய்வன அல்ல, போகிற போக்கில் விழுந்தவை. எதை வலியுறுத்துகிறாரோ அதில் ஆசிரியரின் விருப்பம் கலந்திருக்கும்; எதைக் கவனியாமல் சொல்கிறாரோ அதில் உண்மை இருக்க வாய்ப்பு மிகுதி.

அந்தோணியார் எழுத்தறிவு பெறாதவர் என்று நூல் வலியுறுத்துகிறது. அவர் குடும்பத்துக்கு 300 அரூரா நிலம் இருந்ததாகவும் அதே நூல் கூறுகிறது. ஓர் அரூரா ஏறத்தாழ 2,756 சதுர மீட்டர். கணக்கிட்டால் 200 ஏக்கருக்குச் சற்று மேல் வருகிறது. மேலும் அந்தோணியார் எழுதியனவாக ஏழு கடிதங்கள் வழங்கி வருகின்றன. அக்கடிதங்கள் அவருடையனவே என்றும், எழுதியவர் அக்காலத் தத்துவப் பயிற்சி உடையவர் என்றும் சாமுவேல் ரூபென்சன் என்ற ஆய்வாளர் 1990இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். எல்லா அறிஞர்களும் இதை ஒப்பவில்லை. ஆயினும் 'கல்லாத துறவி' என்ற படத்தை இனி அப்படியே எடுத்துக்கொள்ள இயலாது.

ஆசிரியருக்கு என்ன விருப்பம் இருந்திருக்க முடியும்? அத்தனாசியார் 328இல் ஆயரானவர். ஐந்து முறை பதவியிழந்து துரத்தப்பட்டவர். 356 முதல் 362 வரை அவர் பேரரசரின் ஆட்களுக்குத் தப்பி, துறவிகளிடையே மறைந்து வாழ்ந்தார். ஆரியுஸ் என்பவரின் கொள்கையைப் பின்பற்றியவர்களோடு ஒருபுறமும், எகிப்துத் திருச்சபையிலிருந்து பிரிந்து நின்ற மெலித்தியர் என்ற பிரிவினரோடு மறுபுறமும் அவருக்குக் கடும் பூசல் இருந்தது. அவர் எழுதிய நூலில் அந்தோணியார் ஆரியுஸ் கொள்கையினரைக் கண்டிக்கிறார். மெலித்தியரோடு உறவு கொள்ள மறுக்கிறார். ஆயர்களுக்குத் தலை வணங்குகிறார். இதில் பொய் இருந்தே தீரவேண்டும் என்பதில்லை. ஆனால் இக்கருவியின் முள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்பதை இப்போது நாம் ஊகிக்கலாம்.

குப்பையில் கிடைத்த சாட்சிகள்

சுழிப் பிழையைக் கண்டறிய வேறொரு கருவி வேண்டும். எகிப்தின் வறண்ட மண் அத்தகைய கருவி ஒன்றை நமக்குப் பாதுகாத்து வைத்திருந்தது. நீர்த்தாவரம் ஒன்றின் தண்டிலிருந்து செய்யப்பட்ட பாப்பிரஸ் தாள்களில் எழுதிய கடிதம், மனு, வாடகைச் சீட்டு முதலியவை பழைய ஊர்களின் குப்பை மேடுகளில் பல்லாயிரக்கணக்கில் கிடைத்துள்ளன. அவற்றுள் மூன்றை மட்டும் காண்போம்.

முதலாவது, ஒரு மாட்டுத் தகராறு. பாயூம் பகுதியில் கரானிஸ் என்ற ஊரில் இசிதோரஸ் என்ற குடியானவர் வாழ்ந்தார். அயலாரின் மாடு அவர் பயிரை மேய்ந்து பாழாக்கியது. அவர் மாட்டைப் பிடித்து ஊருக்குள் ஓட்டி வந்தார். மாட்டுக்கு உரியவர்கள் வழிமறித்துத் தடியால் அடித்து மாட்டை மீட்டுச் சென்றனர். அந்தோனினஸ் என்ற திருத்தொண்டரும் ஈசாக்கு என்ற துறவியும் வந்து தடுத்திராவிட்டால் தம்மைக் கொன்றே போட்டிருப்பர் என்று அதிகாரிக்கு அவர் மனுச் செய்தார். மனுவின் நாள் கி.பி. 324 சூன் 6.

துறவியைக் குறிக்க அம்மனுவில் உள்ள சொல் 'மொனாக்கோஸ்' என்ற கிரேக்கச் சொல். நாளிட்ட ஆவணங்களில் இப்பொருளில் இச்சொல் முதன்முதலாகக் காணப்படுவது இங்குதான். மனுதாரர் அச்சொல்லுக்கு விளக்கம் எதுவும் எழுதவில்லை. அதிகாரிக்கு அது தெரிந்த சொல் என்றே கொண்டிருக்கிறார். ஆகவே 324க்குள் துறவி என்பவர் ஊரறிந்த ஆளாகிவிட்டார். அப்போது அந்தோணியார் உயிரோடிருக்கிறார். அவரைப் பற்றிய நூல் எழுதப்பட இன்னும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருக்கிறது. நமக்குக் கிடைத்துள்ள இந்த முதல் 'மொனாக்கோஸ்' பாலைவனக் குகையில் இல்லை. வயல் வரப்பில் நின்று அடிதடியை விலக்கிக்கொண்டிருக்கிறார்.

இரண்டாவது, 335ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் ஒரு கடிதம். இப்போது இலண்டனில் உள்ளது, 1924இல் பதிப்பிக்கப்பட்டது. எழுதியவர் மெலித்தியர் பிரிவைச் சேர்ந்தவர். அத்தனாசியாரின் ஆதரவாளர்கள் தம் பிரிவினரைத் தாக்கிக் காயப்படுத்தினர் என்று அவர் முறையிடுகிறார். இதுவும் ஒருதலைச் சாட்சிதான். ஆயினும் இக்கடிதமும் இதோடு கிடைத்த பிற தாள்களும் ஓர் உண்மையை ஐயமின்றிக் காட்டுகின்றன: மெலித்தியருக்கும் சொந்தமாகத் துறவு மடங்கள் இருந்தன. அத்தனாசியாரின் நூலில் மெலித்தியர் விலக்கத்தக்க கூட்டத்தினராக மட்டுமே வருகின்றனர். அவர்களிடையேயும் துறவிகள் வாழ்ந்தனர் என்பதை அந்நூலை மட்டும் படிப்பவர் அறிய வழியில்லை.

மூன்றாவது, 400ஆம் ஆண்டில் ஆக்சிரிங்கஸ் நகரில் எழுதப்பட்ட வாடகைச் சீட்டு. தியோதோரா, தௌரிஸ் என்ற சகோதரிகள் இருவர் தங்கள் வீட்டின் தரைத்தள அறை ஒன்றையும் நிலவறை ஒன்றையும் வாடகைக்கு விடுகின்றனர். சீட்டு அவர்களைத் துறவியர் என்று குறிக்கிறது. குடிவருபவர் யூதர் ஒருவர். துறவு பூண்ட பெண்கள் நகரத்தில் சொந்த வீட்டோடு வாழ்ந்தனர். வேற்றுச் சமயத்தாரோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருந்தனர். இதை யாரும் அதிசயமாகக் கருதியதாகத் தெரியவில்லை. அதிசயமாயிருந்தால் சீட்டு வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கும்.

மண் சொல்வது

இனி மண்ணுக்கு வருவோம். நைல் கழிமுகத்தின் மேற்கு ஓரத்தில் கெல்லியா என்ற இடம் உண்டு. 'சிற்றறைகள்' என்பது பெயரின் பொருள். 1964இல் பிரெஞ்சு அறிஞர் அந்துவான் கியோமோன் இவ்விடத்தை அடையாளம் கண்டார். அதன்பின் பிரெஞ்சு, சுவிஸ் குழுவினர் அங்கே அகழாய்வு செய்தனர். விளைநிலமும் வாய்க்கால்களும் வேகமாகப் பரவி வந்ததால் அது ஓர் அவசர வேலையாக இருந்தது. பெரும்பகுதி இன்று அழிந்துவிட்டது. அங்குப் பதிவு செய்யப்பட்ட துறவியர் இருப்பிடங்கள் ஏறத்தாழ 1,500.

இவ்விருப்பிடங்கள் ஒருவர் குந்தியிருக்கும் பொந்துகள் அல்ல. பச்சைச் செங்கல்லால் கட்டிய மதில், உள்ளே முற்றம், கிணறு, சமையலறை, கழிப்பிடம், கிழக்குச் சுவரில் மாடத்தோடு கூடிய வழிபாட்டறை, மூத்தவருக்கும் சீடருக்கும் தனித்தனி அறைகள், சுவரில் வண்ணம் தீட்டிய சிலுவைகள் என்று ஒழுங்கான வீடுகளாகவே இருந்தன. கடல் கடந்து வந்த மட்கலங்களும் கிடைத்தன. தனிமை இருந்தது, ஆனால் அது கட்டுமானத்தோடும் வழங்கலோடும் அமைந்த தனிமை.

கெல்லியாவுக்கு இடம் தேர்ந்த கதையை முதியோர் மொழித் தொகுப்பு ஒன்று கூறுகிறது. அந்தோணியாரும் அம்மோனும் பிற்பகல் உணவுக்குப்பின் நித்ரியாவிலிருந்து புறப்பட்டு, கதிரவன் மறையும் வரை நடந்து, சேர்ந்த இடத்தில் சிலுவை நட்டனராம். நித்ரியாவில் உள்ளவர்கள் ஒரு பொழுதில் வந்துசேர வேண்டும் என்பதே காரணம். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 18 கிலோமீட்டர். 420 அளவில் எழுதிய பல்லாதியுஸ், நித்ரியாவில் ஏழு ரொட்டிச் சாலைகள் இருந்தன என்றும், உட்பாலையில் வாழ்ந்த 600 பேருக்கும் அவையே ரொட்டி அளித்தன என்றும் கூறுகிறார். எண்ணிக்கையை அப்படியே ஏற்க வேண்டியதில்லை, ஏற்பாட்டை ஏற்கலாம். துறவிகள் தேர்ந்தது எட்டாத தொலைவையன்று. ரொட்டி வந்து சேரும் தொலைவை.

இங்கே நூலுக்கும் நியாயம் செய்தாக வேண்டும். மேற்குப் பாலைவனத்தில் பகரியா பாலைச்சோலைப் பகுதியில் நார்வே–பிரெஞ்சுக் குழு ஒன்று நடத்திய அகழாய்வின் முடிவுகள் 2021இல் வெளியாயின. பாறையில் குடைந்த அறைகளும் தேவாலயமும் சுவர்களில் கிரேக்க எழுத்துகளும் அங்குக் கிடைத்தன. கார்பன் முறைப்படி அதன் தொன்மையான பகுதி நான்காம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தது என்று அறிவிக்கப்பட்டது. ஆகவே அந்தோணியார் காலத்தை ஒட்டியே தொலைதூரப் பாலையிலும் துறவியர் கூடி வாழ்ந்தனர் என்பது உறுதிப்படுகிறது. அத்தனாசியார் பாலைவனத்தைக் கற்பனை செய்யவில்லை. ஆனால் அவர் நூலில் அது துறவின் தாயகமாகவே ஆகிவிட்டது.

கார்பன் கடிகாரத்தின் எல்லை

'கார்பன் முறையால் நிறுவப்பட்டது' என்றவுடன் நம் மாணவர்கள் பேச்சை முடித்துக்கொள்கின்றனர். இயற்பியல் ஆசிரியன் என்ற முறையில் ஓர் எச்சரிக்கை கூறவேண்டும்.

கார்பன்-14இன் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 5,730 ஆண்டுகள். கி.பி. 350இல் அறுத்த வைக்கோலில் இன்று எஞ்சியிருப்பது தொடக்க அளவில் ஏறத்தாழ 82 விழுக்காடு. ஐம்பது ஆண்டு வேறுபாட்டுக்கு இந்த அளவு எவ்வளவு மாறும்? கணக்கிட்டுப் பார்த்தால் ஏறத்தாழ 0.6 விழுக்காடுதான். 300இல் அறுத்ததா 350இல் அறுத்ததா என்று பிரித்தறிய அவ்வளவு நுட்பமாக அளந்தாக வேண்டும். இன்றைய கருவிகளால் இது இயலும். ஆனால் வளிமண்டலத்தில் கார்பன்-14இன் அளவு எல்லா ஆண்டுகளிலும் ஒன்றாக இருந்ததில்லை. மரவளையங்களைக் கொண்டு திருத்தம் செய்தபின் கிடைக்கும் விடை, பெரும்பாலும் ஒரு நூற்றாண்டு அளவுக்கு விரிந்த இடைவெளியாகவே இருக்கும்.

மேலும், அளக்கப்படுவது தாவரம் இறந்த காலமே. சுவர் எழுந்த காலமன்று. மரம் அரிதான எகிப்தில் பழைய உத்தரத்தைப் புதுக் கட்டடத்துக்குப் பயன்படுத்துவது வழக்கம். அவ்வாறான மரத்தை அளந்தால் கட்டடம் உள்ளதைவிடப் பழையதாகத் தோன்றும். பச்சைச் செங்கல்லில் கலந்த வைக்கோல் இவ்வகையில் மேலான சான்று. மாட்டுத் தகராறு மனுவோ நாள் தவறாமல் காலத்தைச் சொல்கிறது. நுட்பமான கருவியைவிடக் குப்பைத் தாள் துல்லியமாக இருக்கும் விந்தை இது!

மண்ணுக்கும் சுழிப் பிழை உண்டு

நூலைக் கண்டித்துவிட்டு மண்ணை அப்படியே நம்பினால், ஒரு கருவியை விட்டு மற்றொன்றிடம் ஏமாந்தவர்கள் ஆவோம்.

முதலாவதாக, எது எஞ்சும் என்பதை மண்ணின் ஈரமே தீர்மானிக்கிறது. வறண்ட பாலையில் பச்சைச் செங்கல்லும் தாளும் நிற்கும். ஈரமான கழிமுகத்தில் கரைந்துபோகும். அலெக்சாந்திரியாவில் துறவியர் வாழ்ந்த இடங்களின் மேல் இன்றைய நகரம் அமர்ந்திருக்கிறது. ஆகவே பாலைவனத்தில் மிகுதியான மடங்களைக் காண்கிறோம் என்றால், பாலைவனத்தில் மிகுதியான மடங்கள் இருந்தன என்று உடனே பொருளாகாது. அங்கேதான் அவை அழியாமல் தப்பின என்றும் பொருளாகலாம். நூலின் சாய்வும் மண்ணின் சாய்வும் இங்கே ஒரே திசையில் இருப்பதைக் கவனிக்க. இரண்டு கருவிகளுக்கும் ஒரே பக்கம் பிழை இருந்தால், அவை ஒத்துப்போவதில் பெருமை இல்லை.

இரண்டாவதாக, கெல்லியாவில் தோண்டிக் கண்ட கட்டடங்களுள் பெரும்பாலானவை ஆறாம் நூற்றாண்டு முதல் எட்டாம் நூற்றாண்டு வரையிலானவை. அவற்றைக் கொண்டு நான்காம் நூற்றாண்டுத் துறவியின் அறையை வருணிப்பது, பேரன் வீட்டைக் காட்டிப் பாட்டனார் வீடு என்பது போன்றது.

மூன்றாவதாக, 'இது வழிபாட்டறை, இது சீடர் அறை' என்று பெயரிடும்போது அகழாய்வாளர் பழைய நூல்களின் துணையை நாடுகிறார். பிறகு அந்த அறைகளைக் காட்டி நூல்கள் சரியே என்று எவரேனும் கூறினால், அது வட்டம் சுற்றும் வாதம்.

தாள்களுக்கும் இக்குறை உண்டு. வழக்கும் வாடகையும் கடனும் தாளில் ஏறும், தியானம் ஏறாது. தாள்களை மட்டும் படித்தால் துறவிகள் எல்லாரும் வீட்டுக்காரர்களாகவும் சாட்சிக்காரர்களாகவும் தோன்றுவர். அவர்கள் எதற்காக அந்த வாழ்வை மேற்கொண்டனர், இரவில் என்ன எண்ணினர் என்பதற்கு அத்தனாசியாரிடமும் அவர் போன்றாரிடமும்தான் திரும்ப வேண்டும். அந்த வகையில் அவர் நூலுக்கு ஈடில்லை. ஓர் இலட்சியம் எவ்வாறு இருந்தது என்பதற்கு அது முதல்தரச் சான்று. ஒரு சமூகம் எவ்வாறு இருந்தது என்பதற்கு அது ஒரு தரப்பின் வாக்குமூலம்.

நம் முடிவு

ஆகவே 'கிறித்தவத் துறவு எகிப்தின் பாலைவனத்தில் அந்தோணியாரிடம் தொடங்கியது' என்ற ஒற்றை வரியை நாம் திருத்தி எழுத வேண்டும். நான்காம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே துறவு வாழ்க்கை ஊரிலும் பாலையிலும் பலவிதமாக இருந்தது. நூற்றாண்டின் இறுதியில் நகரத்து வீடுகளிலும் அதைக் காண்கிறோம். ஆண்களும் பெண்களும் அதை மேற்கொண்டனர். ஒருவரையொருவர் ஏற்காத பிரிவினரும் மேற்கொண்டனர். அவற்றுள் ஒரு வடிவத்தை ஒரு திறமையான எழுத்தாளர் உலகெங்கும் பரப்பினார். அதுவே முழு வரலாறு என்று பின்னர் கருதப்பட்டது.

இதனால் யாருக்கு என்ன இழப்பு என்று கேட்கலாம். மாட்டுச் சண்டையை விலக்கிய ஈசாக்குக்கு இழப்பு. அறை வாடகைக்கு விட்ட தியோதோராவுக்கும் தௌரிசுக்கும் இழப்பு. தோற்ற பிரிவைச் சேர்ந்ததால் நூலில் இடம்பெறாத துறவிகளுக்கு இழப்பு. குப்பை மேடு காய்ந்திராவிட்டால் இவர்கள் வாழ்ந்த சுவடே நமக்குத் தெரிந்திராது. ஈரமண்ணில் கரைந்துபோன மற்றவர்கள் எத்தனை பேரோ!

மாணவர்கள் இதிலிருந்து கொள்ளவேண்டியது ஒன்று உண்டு. பல சாட்சிகள் ஒத்துச் சொல்லும்போது, அவை தனித்தனிச் சாட்சிகளா, ஒன்றையே பார்த்து எழுதிய பிரதிகளா என்று முதலில் கேளுங்கள். பிறகு ஒவ்வொரு சாட்சியும் எந்தப் பக்கம் சாயும் என்று கேளுங்கள். நூலானாலும் செங்கல்லானாலும் கார்பன் அணுவானாலும், சுழிப் பிழையைப் பாராமல் அளவீட்டை எழுதுவது ஆய்வுக்கூடத்தில் மட்டும்தான் தவறு என்று எண்ணிவிடாதீர்கள்.